ஜன்னலை மூடினால் புகை நிற்காது

வாசகியின் கேள்வி:

மடிப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 11 மாத அக்ரிமென்ட், இன்னும் 5 மாதம் பாக்கி இருக்கிறது. எங்களுக்கு நேர் கீழே இருப்பவர் சொந்த வீட்டுக்காரர், பணி ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஐந்தரைக்கும் இரவு பத்து மணிக்கும் சிகரெட் பிடிக்கிறார். இரவில் பால்கனியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் எங்கே நின்று பிடிக்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் புகை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. என் 4 வயது மகனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. என் கணவர் ஒருநாள் கோபமாகப் போய்க் கேட்டதற்கு, "என் வீட்ல நான் பிடிக்கிறேன், உங்க ஜன்னலை மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லா ஜன்னலையும் மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் காலையில் சமைக்கும்போது வாடை தாங்க முடியவில்லை. அசோசியேஷனில் கேட்டால், "நீங்க டெனன்ட்தானே, உங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்கிறார்கள். ஓனர் பெங்களூரில் இருக்கிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா? பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை இருக்கிறதே, அது இவருக்குப் பொருந்தாதா? அக்ரிமென்ட் முடிவதற்குள் காலி செய்தால் அட்வான்ஸ் கிடைக்குமா?

வழக்கறிஞரின் பதில்:

போலீஸ், சட்டம், அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். ஜன்னலை எல்லாம் மூடிய பிறகும் காலையில் சமைக்கும்போது வாடை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் பிரச்சினையில் பாதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சில வருஷங்களுக்கு முன் பெரம்பூரிலிருந்து ஒரு கட்சிக்காரர் இதே புகாரோடு என்னிடம் வந்தார். கீழ்வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இடத்தைப் பார்க்காமல் நோட்டீஸ் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் ஒரு காலை நேரில் போனேன். அன்று அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் மாற்ற வந்திருந்த எலெக்ட்ரீஷியன் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, பாத்ரூம் வாசலில் தரையோடு பிடித்தார். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை மேலே எழும்பவே இல்லை. பாத்ரூம் பக்கமிருந்து கயிறு கட்டி இழுத்தமாதிரி, நடை வழியாக நேராகச் சமையலறைக்குப் போனது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஊதுபத்திப் புகை நிமிர்ந்து நின்றது.

விஷயம் இவ்வளவுதான். எக்ஸாஸ்ட் ஃபேனோ சிம்னியோ காற்றை வெளியே தள்ளினால், அந்த அளவு காற்று வேறு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் தெருப்பக்கத்துக் காற்று வரும். எல்லாம் மூடியிருந்தால் மிச்சமிருப்பது பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள சந்துதான். அந்த வென்டிலேட்டர் எங்கே திறக்கிறது? டக்ட்டில். சென்னை அபார்ட்மென்ட்களில் பாத்ரூம்களையும் குழாய்களையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, நடுவில் கிணறு மாதிரி ஒரு சந்து விடுவார்களே, அதுதான். கீழ்வீட்டு பாத்ரூமும் அதே கிணற்றுக்குள்தான் மூச்சு விடுகிறது.

அப்படியானால் உங்கள் கீழ்வீட்டுக்காரர் காலையில் எங்கே நின்று பிடிக்கிறார் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். சொந்த வீடு, வேலைக்கு ஓட வேண்டியதில்லை, ஆனாலும் விடியற்காலையில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பிடிக்கிறார் என்றால், அந்த வீட்டிலும் யாரோ ஒருவருக்கு அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும். "ஜன்னலை மூடிக்கோங்க" என்று அவர் சொன்ன யோசனையை நீங்கள் கேட்டதால்தான் அவருடைய புகையை உங்கள் சிம்னியே உறிஞ்சி எடுத்துவருகிறது. அவருக்கும் இது தெரியாது.

என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். நாளைக் காலை நீங்களே ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். ஃபேன்களை நிறுத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட்டை மட்டும் போட்டு, பாத்ரூம் கதவடி, வென்டிலேட்டர், வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, பால்கனிக் கதவின் சந்து என்று ஒவ்வோர் இடத்திலும் பிடியுங்கள். புகை எங்கே உள்பக்கமாகச் சாய்கிறதோ அதுதான் வழி. பையன் தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.

பாத்ரூம்தான் வழி என்று தெரிந்தால், முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். சமைக்கும்போது டக்ட் பக்கம் இல்லாத ஒரு ஜன்னலை, ஹாலில் தெருப்பக்கம் இருப்பதை, ஒரு சாண் திறந்து வையுங்கள். பாத்ரூம் கதவைச் சாத்துங்கள். அடுத்து, கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, குழாய் ஓட்டையைச் சுற்றி சிலிக்கோன் பசை. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஓட்டம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் இறக்கை வைத்த எக்ஸாஸ்ட் ஃபேனை வென்டிலேட்டரில் பொருத்தினால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று: உங்கள் பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் வென்டிலேட்டரை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

பெரம்பூர்க்காரர் இதையெல்லாம் செய்தார். நோட்டீஸ் போகவில்லை, எனக்கு ஃபீஸும் வரவில்லை. எலெக்ட்ரீஷியனுக்குக் காபி மட்டும் கிடைத்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் தடை 2003-ம் வருஷத்துப் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4-வது பிரிவு. அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கு மட்டுமே. ஆஸ்பத்திரி, ஹோட்டல், சினிமா தியேட்டர், அலுவலகம், பஸ், ரயில் எல்லாம் அதில் வரும். ஒருவருடைய வீட்டு பாத்ரூமும் பால்கனியும் வராது. மாடிப்படியிலோ லிஃப்டிலோ அவர் பிடித்தால் வாதாடிப் பார்க்க இடமுண்டு. கேரள உயர் நீதிமன்றம் 1999-லும், உச்ச நீதிமன்றம் 2001-லும் அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்க வைப்பது உயிர் வாழும் உரிமையைத் தொடும் விஷயம் என்று சொல்லியிருக்கின்றன. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இரண்டுமே பொது இடத்தைப் பற்றியவை, வீட்டுக்குள் நுழையவில்லை.

போலீஸுக்குப் போனால் என்ன ஆகும்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்குப் பிரிவு உண்டு, காற்றைக் கெடுப்பதற்கும் தனியாக ஒரு பிரிவு உண்டு. இரண்டும் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லோரையும் பாதிக்கும் தொல்லைக்காக எழுதப்பட்டவை. ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குப் போவதை அதில் அடக்குவது கஷ்டம். ஸ்டேஷனில் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "பெரியவரே, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாளும் நீங்கள் அதே மாடிப்படியில்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

சிவில் கோர்ட்டில் வழி இருக்கிறது. தன் வீட்டில் நிம்மதியாக இருக்கவிடாமல் தொல்லை கொடுக்கிறார், அதற்குத் தடை வேண்டும் என்று வாடகைக்கு இருப்பவரும் வழக்குப் போடலாம், ஓனராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தொல்லை லேசானதல்ல என்பதை நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு 5 மாதம் மிச்சமிருக்கிறது. வழக்கு எண் ஆகி, சம்மன் போய், அவர் பதில் தாக்கல் செய்வதற்குள் நீங்கள் வேறு வீட்டில் பால் காய்ச்சியிருப்பீர்கள். என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், இதற்கு வழக்குப் போடாதீர்கள்.

அப்புறம், எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால் உங்களைக் கூண்டில் ஏற்றி முதலில் என்ன கேட்பேன் தெரியுமா? "உங்க வீட்ல கொசுவத்தி கொளுத்துறதுண்டா?" 2003-ல் வந்த ஒரு ஆய்வில், ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை விடும் அளவுக்கு நுண்துகள்களை விடுகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கொளுத்துகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. கொளுத்தினால் இன்றோடு நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். பையன் இருக்கும் அறையில் சாம்பிராணியும் வேண்டாம். இதனால் கீழ்வீட்டுப் புகை சின்ன விஷயம் ஆகிவிடாது. அடுத்தவர் சிகரெட் புகையில் இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வீசிங் உள்ள குழந்தைக்கு அது இழுப்பைக் கிளப்பிவிடும். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று யோசித்தால், ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவையும் வாடையையும் பிடிக்காது. அதற்குக் கரி ஃபில்டரும் சேர்ந்திருக்க வேண்டும். வழியை அடைத்த பிறகுதான் அந்தச் செலவு.

இனி அவரிடம் பேசுவது. உங்கள் கணவர் போய்க் கேட்டது தப்பில்லை, போன நேரமும் விதமும்தான் தப்பு. புகை வரும்போது கோபம் தலைக்கேறியிருக்கும், அந்த நேரத்தில் யாருடைய கதவையும் தட்டக் கூடாது. இந்தத் தடவை நீங்களே பேசுங்கள். அவர் வீட்டு வாசலில் வேண்டாம். பால் வாங்கவோ பேப்பர் எடுக்கவோ கீழே வருவார், தனியாக இருக்கும்போது பேசுங்கள். அந்த வீட்டில் யாருக்கோ அது பிடிக்கவில்லை என்றேனே, பாத்ரூமில் பிடிப்பது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத விஷயமாக இருக்கலாம், அதை அந்த அம்மா முன்னால் போட்டு உடைத்தால் இந்த ஜென்மத்துக்குப் பகை. இப்படி ஆரம்பிக்கலாம்:

"அங்கிள், அன்னைக்கு அவர் கொஞ்சம் கோபமா பேசிட்டார், மனசுல வெச்சுக்காதீங்க. பையனுக்கு வீசிங் இருக்கு. காலையில டக்ட் வழியா புகை மேல வந்துடுது, நாங்களும் எங்க பக்கம் அடைச்சுப் பார்த்துட்டோம். ராத்திரி நீங்க பால்கனியிலயே பிடிங்க, அந்தப் பதினஞ்சு நிமிஷம் நாங்க கதவைச் சாத்திக்கிறோம். காலையில மட்டும் அந்தப் பக்கம் வேண்டாமே, வெளியில காத்தாட நின்னு பிடிச்சா எங்களுக்குப் பெரிய உதவி."

இதில் நீங்கள் அவரை சிகரெட்டை விடச் சொல்லவில்லை. அவருடைய உரிமையை மறுக்கவும் இல்லை. இரவை விட்டுக்கொடுத்துக் காலையை மட்டும் கேட்கிறீர்கள். எத்தனையோ சமரசப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். "நிறுத்துங்க" என்று கேட்டு யாரும் ஜெயித்துப் பார்த்ததில்லை, "அங்கே வேண்டாம், இங்கே" என்று கேட்டவர்கள் பல பேர் ஜெயித்திருக்கிறார்கள். முடிந்தால் பையனையும் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். நாடகம் என்று நினைக்க வேண்டாம். யாருக்காகக் கேட்கிறோம் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். ஐம்பது பேர் முன்னால் அவமானப்பட்டவர் அடுத்த நாள் இரண்டு சிகரெட் கூடப் பிடிப்பார். அவர் பால்கனியையோ வென்டிலேட்டரையோ மொபைலில் படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள், பாத்ரூம் பக்கம் கேமராவைத் திருப்பினால் புகார் உங்கள் மேல் திரும்பும், அது உங்கள் புகாரைவிடப் பெரிய புகார். சாட்சி வேண்டுமென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எந்த அறையில் வாடை, பையனுக்கு அன்று நெபுலைசர் தேவைப்பட்டதா என்று ஒரு வரி. டாக்டர் சீட்டுகளை அதே நோட்டில் செருகி வையுங்கள்.

பேசியும் சரிவரவில்லை என்றால் உங்கள் ஓனர். அசோசியேஷன் உங்களைத் தட்டிக்கழித்தது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஓட்டு ஓனருக்குத்தான். ஓனர் அசோசியேஷனுக்கு ஒரு மெயில் அனுப்பட்டும், அதை நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள், பெங்களூரில் இருப்பவருக்கு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும் வேலை மட்டும் மிஞ்சட்டும். கேட்பதும் ஒருவரைக் குறிவைத்ததாக இருக்க வேண்டாம். டக்ட்டைச் சுத்தம் செய்து, உடைந்த குழாய்களையும் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும், படியிலும் லிஃப்டிலும் டக்ட் பக்கத்திலும் புகைபிடிக்க வேண்டாம் என்று ஒரு பொதுச் சுற்றறிக்கை விட வேண்டும். டக்ட் எல்லா வீட்டுக்கும் பொதுவான பகுதி, அதைப் பார்த்துக்கொள்வது அசோசியேஷன் வேலை, அதை அவர்கள் மறுக்க முடியாது.

இதுவும் நடக்கவில்லை என்றால் ஒரே ஒரு சட்ட வழியை மட்டும் சொல்வேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். அவர்கள் அவருக்குக் கடிதம் அனுப்பி, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். கீழ்வீட்டுப் புகைக்காக உங்கள் ஓனரைச் சட்டப்படி பொறுப்பாக்குவது கஷ்டம். அதனால் அக்ரிமென்ட்டை எடுத்து இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று நோட்டீஸ் காலம், பெரும்பாலும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கும். இன்னொன்று லாக்-இன், அதாவது இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை. லாக்-இன் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம், அட்வான்ஸை அவர் தந்தாக வேண்டும், வாடகை பாக்கி, சேதம் இருந்தால் மட்டும் கழித்துக்கொள்ளலாம். லாக்-இன் இருந்தால் டாக்டர் சீட்டின் நகலோடு ஓனருக்கு எழுதுங்கள். அடுத்த ஆள் கிடைக்கும்வரை இருக்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலான ஓனர்கள் இறங்கிவருவார்கள். இல்லையென்றால் வாடகை அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வீட்டு வாடகைச் சட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் போட்டு அவரிடம் பதிவதும் கட்டாயம். உங்களுடையதைப் பதிந்திருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள். பதியாத அக்ரிமென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அட்வான்ஸ் தகராறில் இறங்குவது சிரமம்.

இரண்டு மாதம் பாருங்கள். அடைத்து, பேசி, ஓனர் மூலம் எழுதியும் பையனுக்கு இழுப்பு குறையவில்லையென்றால் வீட்டை மாற்றுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வீட்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்க்காதீர்கள், புரோக்கர் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை விடியற்காலையிலும் ஒரு தடவை இரவு பத்து மணிக்கும் போங்கள். பாத்ரூமுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வென்டிலேட்டருக்குக் கீழே இரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். ஊதுபத்தியும் தீப்பெட்டியும் கைப்பையில் இருக்கட்டும்.